விளக்குமாறும் வலையும்: எண்ணெயில் ஜெல்லாகும் பிளாக் கோபாலிமர்

மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், வடிந்த ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் திரண்டுவிடும் என்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாலில் மிதக்கும் ரப்பர்த் துணுக்குகளைச் சுற்றிப் புரத உறை இருக்கிறது. அதன் எதிர்மின்னூட்டம்தான் ஒரு துணுக்கை இன்னொன்றிடமிருந்து தள்ளி வைத்திருந்தது. ஃபார்மிக் ஆசிட் அந்த மின்னூட்டத்தைப் போக்கியதும் துணுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. திரண்டது திரண்டதுதான், மறுபடி பாலாகாது. அதே ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே கந்தகப் பாலம் விழும். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட வழி இது. இதிலும் திரும்பிவர வழியில்லை, பழைய டயரை உருக்கிப் புது டயர் வார்க்க முடியாது.

அகர்-அகர் அப்படியில்லை. ஆறினால் கெட்டி, கொதிக்க வைத்தால் தண்ணீர், திரும்ப ஆறினால் திரும்பக் கெட்டி. அங்கேயும் சங்கிலிகளை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிடி சூட்டில் விடும், ஆறினால் மறுபடி பிடிக்கும்.

பிளாக் கோபாலிமர் ஜெல் அகர்-அகர் கட்சி. கண்ணாடிபோல் தெளிவான ஜெல் மெழுகுவர்த்தி, தூண்டிலில் மாட்டும் சில வகை ரப்பர்ப் புழு, தொலைபேசிக் கேபிளுக்குள் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பசை எல்லாம் இதில் வரும். 10 பங்கு பாலிமர் 90 பங்கு எண்ணெயைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. எப்படி என்பதற்கு விடை ஒரு விளக்குமாற்றில் இருக்கிறது.

ஒரு ஈர்க்கு, இரண்டு குணம்

பாலிமர் என்றால் ஒரே சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்த நீளச் சங்கிலி. பால்மரத்து ரப்பரே ஒரு பாலிமர்தான்: ஐசோபிரீன் என்ற கண்ணிகளின் சங்கிலி. ஒரே சங்கிலியில் இரண்டு வகைக் கண்ணிகள் இருந்தால் அது கோபாலிமர். அந்த இரண்டு வகையும் மாறி மாறிக் கலந்து வராமல், ஒரு வகை மொத்தமாக ஒரு துண்டு, மற்றது மொத்தமாக அடுத்த துண்டு என்று வந்தால் பிளாக் கோபாலிமர்.

நம் கதைக்கு வேண்டியது எஸ்.ஐ.எஸ். நடுவில் நீளமான பாலிஐசோபிரீன், இரண்டு முனையிலும் குட்டையான பாலிஸ்டைரீன். நடுத்துண்டு கிட்டத்தட்ட நம் தோட்டத்து ரப்பரேதான். அறை வெப்பத்தில் வளைந்து கொடுக்கும். பாலிஸ்டைரீன் வெள்ளைச் சாப்பாட்டுப் பெட்டி செய்கிற பிளாஸ்டிக். 100 டிகிரி செல்சியஸ் வரை விறைத்துக் கிடக்கும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராதவை. ஆனால் ஒரே சங்கிலியில் பிணைந்திருப்பதால் பிரிந்து ஓடவும் முடியாது.

இப்போது இதை எண்ணெயில் போடுங்கள். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த நிறமற்ற ஒயிட் ஆயில், மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேட்டாலும் அதுதான். நடுத்துண்டுக்கு எண்ணெய் பிடிக்கும், விரிந்து மிதக்கும். முனைகளுக்குப் பிடிக்காது. அவை எண்ணெயிலிருந்து ஒதுங்கி, பக்கத்துச் சங்கிலிகளின் முனைகளோடு சேர்ந்து கொத்துக் கொத்தாகச் சுருண்டுகொள்ளும். ஆறியதும் ஒவ்வொரு கொத்தும் ஒரு கெட்டி முடிச்சு.

சங்கிலியை ஒரு ஈர்க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பனை ஈர்க்குகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டினால் விளக்குமாறு. ஆயிரம் விளக்குமாற்றை ஒரு தொட்டியில் போட்டாலும் ஒன்றை இழுத்தால் ஒன்றுதான் வரும். அதே ஈர்க்கின் ஒரு முனையை இந்தக் கட்டிலும் மறு முனையை அடுத்த கட்டிலும் செருகிக்கொண்டே போனால் வலை. எங்கே பிடித்து இழுத்தாலும் மொத்தமும் அசையும். ஜெல் என்பது இந்த வலை. முனை ஒன்றே ஒன்று உள்ள இரு துண்டுச் சங்கிலி, அதாவது டைபிளாக், எண்ணெயில் விளக்குமாறு மட்டுமே கட்டும். எண்ணெய் கொஞ்சம் கொழகொழக்கும், அவ்வளவுதான். முனை இரண்டும் உள்ள டிரைபிளாக் வலை கட்டும்.

அதிலும் எல்லா ஈர்க்கும் பாலமாவதில்லை. சிலது வளைந்து வந்து இரண்டு முனையையும் ஒரே கட்டில் செருகிக்கொள்ளும். அந்த வளையத்தால் வலைக்குப் பெரிய உதவி இல்லை. எண்ணெய் அதிகமாகி முடிச்சுகள் தூரம் தூரமாகப் போகும்போது வளையங்கள் கூடிப் பாலங்கள் குறையும். ‘இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மிச்சம் பிடிக்கலாம்’ என்று போகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஜெல் பட்டென்று தொளதொளத்துப் போவது இதனால்.

கரைப்பானை மாற்றினால்

‘இந்தப் பாலிமர் ஜெல் ஆகுமா?’ என்று கேட்பதே பாதிக் கேள்வி. எதில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். எஸ்.ஐ.எஸ். ஒன்றையே மூன்று கரைப்பானில் பாருங்கள். டொலுவீனில் முனை, நடு இரண்டுமே கரையும்; முடிச்சு விழ வழியில்லை, பிசுபிசுத்த திரவம்தான் கிடைக்கும். ஒயிட் ஆயிலில் முனைகள் மட்டும் ஒதுங்கும், வலை. டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பானில் எல்லாம் தலைகீழ்: பாலிஸ்டைரீன் கரையும், நடுவிலிருக்கும் ரப்பர் சுருண்டு ஒதுங்கும். இடுப்பில் கட்டிய விளக்குமாறு என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஈர்க்கு நீட்டிக்கொண்டு நிற்கும். செருகிக்கொள்ள முனை இல்லை, ஆகவே பாலமும் இல்லை. கடையில் பொட்டலத்தைக் காட்டி ‘இது ஜெல் ஆகும் பவுடர்’ என்று சொல்வது, உப்பைக் காட்டிக் ‘குழம்பு’ என்று சொல்வதுபோல்.

இடுப்பில் கட்டிய விளக்குமாறும் ஜெல் ஆகும் வழி ஒன்று உண்டு: நெருக்கம். ஸ்டோர் ரூமில் விளக்குமாறுகளைக் கூரை வரை திணித்துவிட்டால், முடிச்சே இல்லாவிட்டாலும் ஒன்றும் நகராது. போலோக்சமர் 407 அப்படிப்பட்டது. ப்ளூரானிக் எஃப்127 என்றும் விற்கிறார்கள், வாய்ப்புண் ஜெல்லிலும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் வரும். நடுவில் பாலிபுரொப்பிலீன் ஆக்சைடு, இரு முனையிலும் தண்ணீரை விரும்பும் பாலிஎத்திலீன் ஆக்சைடு. மூலக்கூறு எடை ஏறக்குறைய 12,600, அதில் 70 சதவீதம் முனைகளே. நடுத்துண்டு குளிர்ந்த தண்ணீரில் கரையும், தண்ணீர் சூடாக ஆக ஒதுங்கும். ஆகவே அகர்-அகருக்கு நேர் எதிராக, குளிர்பெட்டியில் திரவம், மேசைமேல் கெட்டி.

செய்து பார்க்க 80 கிராம் ஐஸ் தண்ணீரில் 20 கிராம் பவுடரைத் தூவித் தூவிக் கலக்கி, மூடி, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். காலையில் நுரை அடங்கித் தெளிவாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் போட்டால் வருவது என்னவென்றால், ஒவ்வொரு துணுக்கின் வெளிப்பக்கமும் உடனே ஜெல்லாகி உள்ளே தண்ணீர் போகாமல் அடைத்துக்கொள்ளும். கேழ்வரகுக் கூழில் கட்டி தட்டுவது மாதிரி. கலக்கக் கலக்கச் சரியாகாது, குளிரவைத்தால் தானே சரியாகும். 20 சதவீதக் கரைசல் 20 முதல் 25 டிகிரிக்குள் கெட்டியாகிவிடும், அதனால் ஏர்கோன் இல்லாத நம்மூர்க் கூடத்தில் அதைப் புட்டியில் ஊற்றி முடிப்பதற்குள் புனலிலேயே நின்றுவிடும். புட்டியையும் புனலையும் சேர்த்துக் குளிரவையுங்கள். உப்பு சேர்த்தால் கெட்டியாகும் வெப்பநிலை இறங்கும், ஆல்கஹால் சேர்த்தால் ஏறும், நிறையச் சேர்த்தால் ஜெல்லே வராது. இதில் பாலம் இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் ஒரு துண்டைத் தண்ணீர்க் கோப்பையில் போடுங்கள், நெருக்கம் குறைந்ததும் கரைந்தே போகும்.

எண்ணெய் ஜெல் காய்ச்சும் விதம்

எஸ்.ஐ.எஸ்.ஸின் நடுத்துண்டில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. சூடும் காற்றும் பட்டால் மஞ்சளாகி அறுபடும். அதனால் காய்ச்சும் வேலைக்கு அதன் தம்பி எஸ்.இ.பி.எஸ்.தான் தோது: நடுத்துண்டை ஐசோபிரீனுக்குப் பதில் பியூட்டடையீனால் கட்டி, இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனால் நிரப்பிய வகை. 90 கிராம் ஒயிட் ஆயிலுக்கு 10 கிராம் பவுடர். முதலில் சூடாக்காமலே கலந்து சில மணி நேரம் ஊறவிடுங்கள். அரிசி ஊறாமல் அரைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். ஊறாத துணுக்கு கடைசிவரை மீன் கண்போல் ஜெல்லுக்குள் முழித்துக்கொண்டிருக்கும். பிறகு மெல்லக் கிளறிக்கொண்டே 130இலிருந்து 150 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைக்கும் முறை பலிக்காது, அது 100ஐத் தாண்டாது, பாலிஸ்டைரீன் முடிச்சு தளராது. கேஸ் அடுப்பின் திறந்த தீயும் வேண்டாம். வெப்பம் காட்டும் மின்தட்டு, உள்ளே ஒரு வெப்பமானி, எண்ணெயின் தகவல் தாளில் போட்டிருக்கும் தீப்பற்று வெப்பநிலைக்குக் குறைந்தது 30 டிகிரி கீழே. தாளில் அந்த எண் இல்லாத எண்ணெயைத் தொட வேண்டாம்.

குழம்பு தெளிந்ததும் கிளறுவதை நிறுத்திவிட்டு, சூடு குறையாமல் குமிழி மேலே வரும்வரை விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் குமிழி அப்படியே சிறைப்படும். நிறத்துக்குக் கேக் கலரிங் சொட்டுவது பெரிய தவறு: அது தண்ணீர்க் கரைசல், 130 டிகிரி எண்ணெயில் விழுந்தால் கடுகு தாளிப்பதைவிட மோசமாகத் தெறிக்கும். எண்ணெயில் கரையும் சாயம்தான் போட வேண்டும்.

வீட்டில் இருக்கிற செம்பனைச் சமையல் எண்ணெயில் செய்தால் என்ன? ஜெல் சரியாக நிற்காது. சமையல் எண்ணெய் எஸ்டர் வகை. ஒயிட் ஆயில் அளவுக்கு நடுத்துண்டை விரிக்காது, முனைகளின் முடிச்சுக்குள்ளும் கொஞ்சம் புகுந்து அதை இளக்கிவிடும். வாசனைக்காக அதிகம் சேர்க்கும் நறுமண எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். மேலே எண்ணெய் கசிந்து நின்றால் ஒன்று பாலிமர் போதவில்லை, இல்லை எண்ணெய்க்கும் நடுத்துண்டுக்கும் ஒத்துவரவில்லை.

சங்கிலியைக் கட்டுவது

இது வீட்டில் செய்கிற காரியமில்லை. இதில் வரும் தொடக்கி (சங்கிலி வளர்வதைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருள்) காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால்தான், மேலே சொன்ன விளக்குமாறு ஏன் வலைக்குள் வந்து கெடுக்கிறது என்பது புரியும்.

1956இல் மைக்கேல் ஸ்வார்க் ‘சாகாத பாலிமர்’களைப் பற்றி எழுதினார். தண்ணீரும் காற்றும் இல்லாத இடத்தில், சங்கிலியின் வளரும் முனை, மோனோமர் (கண்ணியாகச் சேரும் சிறு மூலக்கூறு) தீர்ந்த பிறகும் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மோனோமரை ஊற்றினால் அதிலிருந்தே தொடரும். துண்டு துண்டாகச் சங்கிலி கட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. 1965 வாக்கில் ஷெல் நிறுவனம் கிராட்டன் என்ற பெயரில் இந்த வகை ரப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கணக்கு எளிது. ஒவ்வொரு தொடக்கி மூலக்கூறும் ஒரு சங்கிலி. மூன்று துண்டுகளின் மூலக்கூறு எடை 10,000–80,000–10,000 என்ற அளவில் 100 கிராம் எஸ்.ஐ.எஸ். வேண்டுமென்றால் மொத்த மூலக்கூறு எடை 1,00,000, ஆகவே 1 மில்லிமோல் தொடக்கி (கிராமை மூலக்கூறு எடையால் வகுத்தால் மோல், அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிமோல்). தொடக்கி இங்கே செக்-பியூட்டைல்லித்தியம், அதை 1.4 மோலார் (லிட்டருக்கு 1.4 மோல்) கரைசலாக வாங்கினால் 0.71 மில்லிலிட்டர். ஸ்டைரீன் 10 கிராம், ஐசோபிரீன் 80 கிராம், மறுபடி ஸ்டைரீன் 10 கிராம், கரைப்பான் சைக்ளோஹெக்சேன் 900 மில்லிலிட்டர் அளவில்.

அந்த 0.71 மில்லிலிட்டரைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். 1 மில்லிமோல் தண்ணீர் என்பது 18 மில்லிகிராம், அரைச் சொட்டுகூட இல்லை. அவ்வளவு போதும், மொத்தத் தொடக்கியையும் கொல்ல. 900 மில்லிலிட்டர் சைக்ளோஹெக்சேன் 700 கிராம் எடை. அதில் பத்து லட்சத்தில் 20 பங்கு தண்ணீர் ஒளிந்திருந்தாலே 14 மில்லிகிராம், முக்கால்வாசித் தொடக்கி போயிற்று. மிஞ்சிய கால்வாசி சங்கிலிகள் எல்லா மோனோமரையும் பங்கு போட்டுக்கொண்டு நான்கு மடங்கு நீளும். கணக்கு சரியாகப் போட்டும் மூலக்கூறு எடை ஏன் எகிறுகிறது என்று தலையைச் சொறிகிறவர்கள், முதலில் தேட வேண்டியது தண்ணீரை. அதனால் எல்லாவற்றையும் கால்சியம் ஹைட்ரைடு மேலோ அதைவிடக் கடுமையான உலர்த்தி மேலோ வைத்து வடித்தெடுக்கிறார்கள். ஸ்டைரீனோடு வரும் தடுப்பானும் (தானே பாலிமராகாமல் இருக்கக் கலப்பது) அப்போதே போய்விடும். அதற்கு மேலும் ஒரு தந்திரம்: முதல் ஸ்டைரீனும் கரைப்பானும் உள்ள குடுவையில் தொடக்கியைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வெளிர் மஞ்சள் தோன்றி மறையும், தோன்றி மறையும். மறையாமல் நின்றதும் மாசு தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகே அந்த 0.71.

நம் தட்பவெப்பத்துக்கு ஒரு சங்கடம் கூடுதல். ஐசோபிரீன் 34 டிகிரியில் கொதிக்கும். மத்தியான வெயிலில் இங்கே மேசைமேல் வைத்த புட்டி கொதிக்கும் விளிம்பில்தான் நிற்கும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று கிளம்பும். சரி, ஐஸில் வைத்துத் திறக்கலாம் என்றால், குளிர்ந்த புட்டி திறந்த மாத்திரத்தில் நம் ஈரக்காற்றை உறிஞ்சும். கழுத்துக்கு உள்ளே வியர்க்கும். அந்த வியர்வையே 18 மில்லிகிராம் இருக்கும். ஆகவே குளிரவைத்த ஐசோபிரீனை நைட்ரஜன் அழுத்தத்தில், மூடியைத் திறக்காமல் குழாய் வழியாகத்தான் மாற்றுவது.

முதல் ஸ்டைரீன் 40–50 டிகிரியில் ஓடும்போது குடுவை ஆரஞ்சுச் சிவப்பு. ஐசோபிரீன் சேர்ந்ததும் நிறம் சட்டென்று வெளிறி இளமஞ்சளாகும், வளரும் முனை மாறிவிட்டது. 80 கிராம் ஐசோபிரீனையும் ஒரே ஊற்றாக ஊற்றக் கூடாது. அது பாலிமராகும்போது வெளியாகும் வெப்பம் 88 கிலோஜூல் அளவு. வெளியேற வழியில்லாவிட்டால் குடுவை 60 டிகிரி ஏறும், சைக்ளோஹெக்சேன் 81இலேயே கொதித்துவிடும். தவணை தவணையாகச் சேர்த்து, வெளியே குளிர்நீர் வைத்து, சில மணி நேரம் விட வேண்டும்.

சிக்கல் மூன்றாவது துண்டில். ஐசோபிரீன் முனை ஸ்டைரீனைப் பிடிக்கத் தயங்கும். ஆனால் ஒருமுறை பிடித்துவிட்ட சங்கிலி வேகமாக ஓடும். பந்தியில் முதலில் உட்கார்ந்தவன் இரண்டு பங்கு சாப்பிட்டுவிட, பிந்தியவன் அரை வயிற்றோடு எழுவதுபோல், சில சங்கிலிக்கு நீள முனை, சிலதுக்குக் குட்டை முனை. ஐசோபிரீன் முழுவதும் தீர்ந்த பிறகு சில துளி டெட்ராஹைட்ரோஃபுரான் சேர்த்தால் தயக்கம் போய்விடும். அதை முன்பே சேர்த்தால் ஐசோபிரீன் கண்ணிகள் இணையும் விதமே மாறி, நடுத்துண்டு தோட்டத்து ரப்பர்போல் இருக்காது. கடைசியில் காற்று நீக்கிய மெத்தனால் கொஞ்சம், நிறம் மறையும், சங்கிலி முடிந்தது. மெத்தனாலில் காற்று இருந்தால் ஆக்சிஜன் இரண்டு சங்கிலிகளை முட்டுக்கு முட்டு ஒட்டிவிடும். பிறகு 0.2 கிராம் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்து, ஐந்து மடங்கு மெத்தனாலில் ஊற்றினால் வெள்ளையாகத் திரளும். பார்க்க ஆசிட் விட்ட பால்தான், காரணம் வேறு: பாலிமருக்கு மெத்தனால் பிடிக்கவில்லை, அவ்வளவே. 40 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்த வேண்டும், ரப்பர் ஷீட் காயப்போடுவதுபோல் வெயிலில் போடக் கூடாது.

இன்னொரு வழி, பாதிப் பாதியாகக் கட்டி நடுவில் இணைப்பது. 2 மில்லிமோல் தொடக்கி, 20 கிராம் ஸ்டைரீன், 80 கிராம் ஐசோபிரீன். ஒவ்வொன்றும் 10,000–40,000 டைபிளாக். பிறகு இரண்டு கை உள்ள டைகுளோரோடைமெத்தில்சிலேன் 1 மில்லிமோல், 129 மில்லிகிராம். ஒரு கைக்கு ஒரு சங்கிலி. கூடுதலாகப் போட்டால் ஒவ்வொரு சங்கிலியும் தனக்கென்று ஒரு இணைப்பானைப் பிடித்துக்கொண்டு அடுத்தவனுக்குக் கை கொடுக்காது, எல்லாம் விளக்குமாறாகவே நிற்கும். குறைத்தால் மிச்சம் விளக்குமாறு. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நிறம் மறைவதைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த இரண்டாம் வழியே நல்லது என்பது எங்கள் எண்ணம். காரணம் சோதனை. சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜி.பி.சி. கருவியில், இணைந்தது 1,00,000, இணையாதது 50,000. இரண்டு மேடு தனித்தனியாகத் தெரியும். முதல் வழியில் மூன்றாம் துண்டு வளராமல் செத்த சங்கிலி 90,000, முழுச் சங்கிலி 1,00,000. இரண்டும் ஒரே மேட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். வரைபடம் அழகாக இருக்கும், ஜெல் மட்டும் நிற்காது.

அங்கே தீர்ப்புச் சொல்வது சின்னக் குப்பிதான். உலர்ந்த பாலிமர் 1 கிராம், ஒயிட் ஆயில் 9 கிராம். ஊறவைத்து, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் இருப்பதைப் பார்த்து, நைட்ரஜனில் காய்ச்சி, ஒரு ராத்திரி ஆறவிட்டு, குப்பியைக் கவிழ்த்து வையுங்கள். ஆடாமல் நின்று, விரலால் அழுத்திவிட்டால் துள்ளித் திரும்பினால் வலை சரி. நின்று, ஆனால் ஒரு மணி நேரத்தில் மெல்ல வழிந்து கழுத்துக்கு வந்தால் முனைகள் குட்டை, அல்லது எண்ணெய் முடிச்சுக்குள் புகுந்துவிட்டது. முடிச்சு கட்டியும் இறுகவில்லை. கவிழ்த்ததும் தேன்போல் ஓடினால் குப்பியில் இருப்பது பெரும்பாலும் டைபிளாக். அதைத் தூக்கிப் போட வேண்டாம், பசை நாடா செய்கிறவர்கள் ஒட்டும் தன்மைக்காக டைபிளாக் கலந்த ரகத்தைத் தேடியே வாங்குகிறார்கள்.